அறிவிப்பைக் கேட்டு வந்தவர்கள்

இரவு பதினோரு மணி. தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே ஏறுகிற ஒரு மண் சாலை. கீழே ஃபோர்ட் போர்ட்டல் ஊர். மேலே, குன்றின் உச்சியில் ரேடியோ நிலையம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வீடு கிடையாது, ஒரு விளக்கு கிடையாது... மழை அப்போதுதான் விட்டிருந்தது.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கரண்ட் இப்போதைக்கு வராது. அடுப்பில் இன்னும் கொஞ்சம் கரி போடுங்கள் யாராவது. அந்தக் கதவையும் சாத்திவிட்டு வாருங்கள்.

இது எனக்கு நடந்ததல்ல. நம் இசிங்கோமா இருக்கிறானே, அவனுடைய சித்தி மகளுக்கு நடந்தது. கஹுண்டே என்று பெயர். அவள் அவனிடம் சொன்னாள், அவன் என்னிடம் சொன்னான். இசிங்கோமா கூசாமல் பொய் சொல்லுகிறவன்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதைச் சொல்லி முடிக்கும்வரை முன்னால் இருந்த பீர் பாட்டிலை அவன் தொடவே இல்லை. அதனால்தான் நம்பினேன்.

அந்தச் சாலையில் கஹுண்டே தனியாக நடந்துகொண்டிருந்தாள். மோட்டார் சைக்கிள்காரன் பாதி வழியிலேயே இறக்கிவிட்டுவிட்டான். சேறு, சறுக்கும், இதுக்கு மேல வரமாட்டேன் என்று திரும்பிப் போய்விட்டான். அவளுடைய ரப்பர் பூட்சுக்குள் தண்ணீர். ஒவ்வொரு அடிக்கும் சளக்... சளக்... நனைந்த யூகலிப்டஸ் இலை வாசனை. எங்கிருந்தோ தேயிலை வறுபடுகிற வாசனை. பயமாக இருந்ததா என்று கேட்காதீர்கள். பயப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும் இல்லையா? அவளிடம் அது இல்லை. கூட வேலை பார்த்த டைப்பிஸ்ட் பிரசவத்துக்குப் போனதிலிருந்து பகல் வேலை, ராத்திரி வேலை இரண்டும் இவள் தலையில்தான். கண்ணுக்குள் மணல் கொட்டினாற்போல் எரிச்சல்.

போதாததற்கு வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல். ஏழு வயசுப் பையன். புருஷன் என்று ஒருவன் இல்லை. பக்கத்து வீட்டு அட்யேரி அக்காவைப் பிள்ளை பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு வந்திருந்தாள். மாத்திரை கொடுத்தாயிற்று, வேர்த்தால் துடைத்து விடு, விடிந்ததும் ஓடி வந்துவிடுகிறேன்... அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. உடம்பு மேலே ஏறிக்கொண்டிருந்தது. நெஞ்சு கீழே அந்தப் பாயில், பிள்ளைக்குப் பக்கத்தில் கிடந்தது.

ரேடியோவில் அவளுக்கு என்ன வேலை என்றால், சாவு அறிவிப்பு டைப் அடிப்பது. நம் பக்கத்தில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் ஒருவன் ரேடியோவுக்குத்தானே ஓடுகிறான்? இன்னார் காலமானார், இன்ன ஊரில் இன்னார் வீட்டில் அடக்கம், சொந்தபந்தங்கள் வந்து சேரவும். விடியற்காலையில் வாசிப்பார்கள். கேட்டவர்கள் அன்றைக்குத் தோட்டத்துப் பக்கம் போகாமல் பஸ் ஏறிவிடுவார்கள். வாசிக்காமல் விட்டால் குழியைச் சுற்றி நிற்க ஆள் இருக்காது. அந்தப் பாவம் ரேடியோக்காரன் தலையில்தான் விடியும்.

சரி, சாவு வீட்டுக்காரர்கள் எழுதிக் கொண்டுவருகிற சீட்டைப் பார்த்து அப்படியே வாசித்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். வாசித்தார்களே! வாசிக்கிறவன் ருசோகே. நல்ல கட்டைக் குரல், கல்யாணம் ஆகாதவன், வாய் சும்மா இருக்காதவன். ஒரு தடவை கோழி கிளறினாற்போல் இருந்த சீட்டைப் பார்த்து, உயிரோடு இருந்த ஓர் ஆட்டு வியாபாரியைச் சாகடித்துவிட்டான். மாமனார் வீட்டு ஆட்கள் பாயும் கையுமாக அழுதுகொண்டு வந்து இறங்கினால், அந்த மனுஷன் வாசலில் உட்கார்ந்து வேகவைத்த அவரைக்கொட்டை தின்றுகொண்டிருக்கிறான். துக்கத்துக்கு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்ப முடியுமா? ஓர் ஆட்டை அறுத்து எல்லாருக்கும் சோறு போட்டுத்தான் அனுப்பினான். மறுநாள் மேனேஜர் கத்தின கத்தலில், இனிமேல் டைப் அடிக்காத எதையும் வாசிக்கக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது.

அன்றைக்குப் பார்த்துப் புதுக் கீபோர்டு. பழையதில் யாரோ தேநீரைக் கொட்டிவிட்டார்கள். மேனேஜர் கம்பாலாவில் ஏதோ மாடிப்படிக்குக் கீழே இருக்கிற கடையில் வாங்கி அனுப்பியிருந்தார். வயர் கிடையாது. யாரோ பயன்படுத்தியது போல, சில எழுத்துகள் தேய்ந்து வழுவழுவென்று இருந்தன.

"வந்துட்டியா அப்வோலி? மழைல கரைஞ்சு போயிட்டியோன்னு பாத்தேன்" என்றான் ருசோகே.

"நான் கரைஞ்சா உனக்கு யாரு அடிச்சுக் குடுப்பா அராலி? தள்ளிக்கோ, ஒக்காரணும்."

அப்வோலி என்றால் கஹுண்டேதான், அராலி என்றால் ருசோகேதான். எம்பாக்கோ. பெயருக்கு மேலே பிரியமாக வைக்கிற பெயர். பார்த்தவுடன் அதைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். அறியாத ஆளாக இருந்தால், உங்கள் எம்பாக்கோ என்ன என்று கேட்டுவிட்டுத்தான் மற்ற பேச்சு. கேட்டவருக்குச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டால் அது மூஞ்சியில் காறித் துப்பினாற்போல. மழலை பேசுகிற குழந்தைக்கே இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்கிறோம். கஹுண்டேயின் பையன் காய்ச்சலில் பிதற்றிக்கொண்டு கிடந்தாலும், யாராவது கேட்டால் தன் எம்பாக்கோவைச் சொல்லிவிடுவான். அப்படி வளர்த்திருந்தாள்.

சீட்டுக் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு கஹுண்டே கம்ப்யூட்டரைப் போட்டாள். கீபோர்டின் பொத்தானைத் தள்ளினாள். திரையில் 'இணைந்துவிட்டது' என்று வந்தது. அப்பாடா என்று முதல் எழுத்தைத் தட்டினாள்.

ஒன்றும் வரவில்லை.

மறுபடியும் தட்டினாள். கீபோர்டின் மூலையில் சின்னப் பச்சை விளக்கு ஒன்று மினுக்கென்று எரிந்து அடங்கியது. தட்டுகிற ஒவ்வொரு எழுத்துக்கும் எரிகிறது. திரையில் கர்சர் மட்டும் அதே இடத்தில் துடித்துக்கொண்டிருக்கிறது. எழுத்து மட்டும் இல்லை...

அணைத்துப் போட்டாள். இணைந்துவிட்டது என்றது. தட்டினால் ஒன்றுமில்லை. கம்ப்யூட்டரிலிருந்து அதன் பெயரையே அழித்துவிட்டு முதலிலிருந்து இணைத்துப் பார்த்தாள். உடனே, கூப்பிட்டதும் ஓடி வருகிற நாய் போல, இணைந்துவிட்டது என்றது. எழுதத்தான் மாட்டேன் என்றது. பேட்டரியைக் கழற்றி ருசோகே பல்லால் கடித்துப் போட்டுப் பார்த்தான். அடுப்புச் சூட்டில் காட்டிப் பார்த்தான். கடைசியில் சுவர்க் கடிகாரத்தில் இருந்த பேட்டரியைப் பிடுங்கிக்கொண்டு வந்தான். கடிகாரம் நின்றதுதான் மிச்சம்.

"வேற எதோ மிஷினோட கோத்துக்கிட்டு அங்க அடிக்குது போல" என்றான் ருசோகே.

"இந்தக் குன்றுமேல வேற மிஷின் எங்கய்யா இருக்கு? உன் மண்டைலயா?"

"எதையாவது நீளமா அடிச்சுப் பாரு. சில மிஷின் சூடானாத்தான் ஓடும்."

"என்னத்த அடிக்க?"

"என் பேரை அடி. ஊருல எல்லார் சாவையும் வாசிச்சாச்சு, என்னோடது எப்படி இருக்குன்னு பாப்போம்."

கஹுண்டேவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வாரத்தில் அவள் சிரித்ததே அப்போதுதான். சிரித்துக்கொண்டே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தாள். வேறு எந்த ஆபீசாக இருந்தாலும் 'அஆஇஈ' என்று அடித்துப் பார்ப்பார்கள். இவள் விரலுக்கு அந்த ஒரு பாட்டுத்தானே தெரியும்? ஆழ்ந்த துயரத்துடன் அறிவிப்பது... அராலி ருசோகே காலமானார்... அடக்கம்... இடம் என்று வந்ததும் விரல் நிற்கவில்லை. தெரிந்த இடத்தையே அடித்துவிட்டது. கிச்வாம்பாவில், சர்ச்சுக்குப் பின்னால், கஹுண்டே வீட்டில். சொந்தபந்தங்கள் வந்து சேரவும்.

"உன் வீட்லயா? என்னை அங்கயா பொதைக்கப் போற? சோறாவது போடுவியா?"

"செத்துட்டு வா, பாக்கலாம்."

பச்சை விளக்கு கடைசி எழுத்துவரை மினுக்கியது. திரை வெறுமையாக இருந்தது. ருசோகே கொட்டாவி விட்டான். விடியறதுக்குள்ள சரியாகலேன்னா சீட்டப் பாத்தே வாசிச்சுடறேன், மேனேஜர் என்னத்தான் திட்டுவாரு என்று சொல்லிவிட்டு, ஸ்டூடியோவுக்குள் போய்ப் பாயில் படுத்தான். கதவு திறந்தே கிடந்ததால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் குறட்டை விட ஆரம்பித்தது இங்கே கேட்டது. ஒலிபரப்பில் யாரும் தொடாமலே கிட்டார் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

கஹுண்டே கீபோர்டைத் திருப்பிப் போட்டாள், தட்டினாள், ஊதினாள். மேசையில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள்...

போன் அடித்தது. அட்யேரி அக்கா.

"பிள்ளைக்கு என்னக்கா?" என்றுதான் எடுத்ததும் கேட்டாள்.

"பிள்ள தூங்குது. அப்வோலி... உங்க சொந்தத்துல யாரு செத்தா?" அக்கா குரலை ரொம்பத் தாழ்த்திப் பேசினாள். "வாசல் பூரா ஆளுங்க உக்காந்திருக்காங்க. பாய் விரிச்சு, நடுவுல நெருப்பு மூட்டி..."

"இந்த ஈரத்துல நெருப்பா?"

"அதான் எனக்கும் புரியல. நல்லா எரியுது. பொகையே இல்ல."

"யாருன்னு கேக்கலியா நீ?"

"கதவத் தெறக்காமலே கேட்டேன். அராலி ருசோகேக்கு அடக்கமாம். இங்கதானாம். ரேடியோல சொன்னாங்களாம்." போனுக்குள் அங்கே ரேடியோ பாடுவதும் கேட்டது. "நம்ம ரேடியோ பாட்டுத்தான பாடிக்கிட்டிருக்கு அப்வோலி? நான் கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன்..."

கஹுண்டே கீபோர்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னொண்ணு. உப்பு விப்பாரே ஒரு கிழவரு... கிறிஸ்துமசுக்கு முன்னாடி பொதைச்சோமே... அவரு முன்னால உக்காந்திருக்காரு."

அந்தக் கிழவருடைய அறிவிப்பை அடித்தது கஹுண்டேதான். அட்யேரி அக்கா சன்னல் இடுக்கு வழியாகப் பார்த்து இன்னும் சில பேரைச் சொன்னாள். பாம்பு கடித்துச் செத்த பள்ளிக்கூட டீச்சர். இரட்டைக் குழந்தை பெறும்போது போன சின்னப் பெண். ஒவ்வொரு பெயரையும் கஹுண்டே தன் விரலால் அடித்திருக்கிறாள். உயிரோடு இருப்பவர்களுக்குச் சொல்லுகிற ரேடியோ ஒன்று இருந்தால், மற்றவர்களுக்குச் சொல்லுகிற ரேடியோவும் ஒன்று எங்கோ இருக்கும் போல... இந்தக் கீபோர்டு அதோடு போய் இணைந்திருக்கிறது. இதை அவள் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. கேட்ட அந்த நொடியிலேயே தெரிந்துபோயிற்று.

"கதவுகிட்ட வந்து ஒவ்வொருத்தரா எம்பாக்கோ கேக்கறாங்க அப்வோலி. மரியாதையாத்தான் கேக்கறாங்க. நான் சொல்லல. ஏன்னு தெரியல, நாக்கு எழும்பல... ஐயோ, பையன் முழிச்சுக்கிட்டான்."

"அவன் வாயைப் பொத்துக்கா! பதில் சொல்ல விடாத! என்ன கேட்டாலும் சொல்ல விடாத! சொன்னா அவனத்தான் அடக்கத்துக்கு எடுத்துக்கிட்டுப் போவாங்க!"

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கீபோர்டை இழுத்தாள். முந்தைய அறிவிப்பு தவறு. ருசோகே சாகவில்லை. அனைவரும் திரும்பிப் போகவும். பச்சை விளக்கு மினுக்... மினுக்... என்றது.

"எழுந்தாங்களாக்கா?"

"இல்ல. ஒருத்தரு சொல்றாரு... வந்தது வந்தாச்சு, அடக்கம் பாக்காம எப்படிப் போறதுன்னு."

ஆட்டு வியாபாரி ஆட்டை அறுத்துத் தப்பித்தான். இவர்களுக்கு எதை அறுப்பது?

போனுக்குள் பிள்ளையின் குரல் கேட்டது. தூக்கமும் காய்ச்சலும் கலந்த குரல். "வெளில தாத்தா கேக்கறாரு... சொல்லணும்ல..." அக்கா ஏதோ அதட்டுகிறாள். பிள்ளை திமிறுகிறான். வளர்த்த வளர்ப்பு அப்படி. நல்ல பிள்ளை என்று ஊரே சொல்லும். அந்த நல்ல பழக்கத்தை நினைத்து அந்த நிமிஷம் கஹுண்டே தன்னையே சபித்துக்கொண்டாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். ருசோகே வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். ஒரு கால் பாயை விட்டு வெளியே கிடந்தது. காலுறையில் பெருவிரல் பக்கம் ஓட்டை. நல்லவன். அவளுக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் அவள் வேலையையும் சேர்த்துப் பார்த்தவன்.

யோசித்தாளா என்றால், யோசித்தாள். ரொம்ப நேரம் இல்லை. பிறகு அடித்தாள்.

அடக்கம் நடக்கும் இடம் மாற்றப்பட்டுள்ளது. ரேடியோ நிலையத்தில். உடல் இங்கேதான் இருக்கிறது.

இந்த இடத்தைச் சொல்லும்போது அவள் அழவில்லையாம். அதே ராத்திரி திரும்ப வந்தாலும் அதையேதான் அடிப்பேன் என்றாளாம், இசிங்கோமா முகத்தைப் பார்க்காமல்.

"எழுந்துட்டாங்க" என்றாள் அக்கா. "பாயச் சுருட்டறாங்க... நெருப்ப அப்படியே கைல அள்ளிக்கிட்டு... ரோட்டுப் பக்கமா போறாங்க அப்வோலி." வெகுநேரம் கழித்து, "பிள்ள தூங்கிட்டான். நல்லா வேர்த்து ஒடம்பு சில்லுனு ஆயிடுச்சு. காய்ச்சல் விட்டுடுச்சு, பயப்படாத" என்றாள்.

கஹுண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள். காய்ச்சல் விட்டதே என்று சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. கீபோர்டிலிருந்து பேட்டரியைப் பிடுங்கிக் குப்பைக் கூடையில் போட்டாள். கதவைத் தாழிட்டாள், சன்னல்களைச் சாத்தினாள். அப்புறம் காத்திருந்தாள்... அலுத்துப்போய், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவள் போல.

கிச்வாம்பாவிலிருந்து குன்றுக்கு நல்ல தூரம். ஆனால் சீக்கிரமே வந்துவிட்டார்கள். முதலில் காலடிச் சத்தம். பூட்ஸ் இல்லாத வெறுங்கால்கள், ஈர மண்ணில்... தொப்... தொப்... நிறைய. பேச்சு இல்லை. பிறகு ஒரு வாசனை. பிணத்துக்குச் சுற்றுகிற மரப்பட்டைத் துணி நனைந்தால் ஒரு வாசனை வருமே, அது. பிறகு சன்னல் இடுக்கில் மஞ்சளாக வெளிச்சம் ஆடியது. வெளியே பாய் விரிக்கிற சத்தம் கேட்டது. அவள் எட்டிப் பார்க்கவில்லை.

ருசோகே தானாகவே எழுந்தான். எத்தனை வருஷப் பழக்கம், கடிகாரம் தேவையில்லை அவனுக்கு. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து சீட்டுக் கட்டை எடுத்தான்.

"சரியாகலயா? விடு, நான் பாத்துக்கறேன். என்ன மொகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு? பையன் எப்படி இருக்கான்?"

"காய்ச்சல் விட்டுடுச்சு."

"அப்புறம் என்ன? போய்ப் படு."

அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்தாள். "அராலி, ஒண்ணு சொல்றேன், சிரிக்காத. இன்னைக்கு யாராவது உன் எம்பாக்கோ கேட்டா, சொல்லாத. யாரு கேட்டாலும்."

அவன் சிரித்தான். "கேட்டா சொல்லாம நிக்கறதுக்கு நான் என்ன மாடா?"

இன்னும் என்னென்னவோ சொல்ல வாயெடுத்தாள். எங்கிருந்து ஆரம்பிப்பது? நான்தான் உன்னை... என்பதிலிருந்தா? அதற்குள் அவன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். காதில் ஹெட்போனை மாட்டினான். சிவப்பு விளக்கு எரிந்தது. கிட்டார் பாட்டு நின்றது. ஊர் முழுக்க, இருட்டில், அடுப்பு மூட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

முதல் அறிவிப்பை வாசித்தான். இரண்டாவதை வாசித்தான். மூன்றாவது சீட்டைப் புரட்டினவன், நின்றான்.

ஹெட்போனுக்குள் யாரோ அவனிடம் ஏதோ கேட்டது போலத் தலையை ஒரு பக்கம் சாய்த்தான். பெரியவர்கள் யாராவது எதிரே வந்தால் உட்கார்ந்தபடியே லேசாகக் குனிவோமே, அப்படிக் குனிந்தான். முகத்தில் ஒரு பணிவான சிரிப்பு வந்தது. கஹுண்டே கண்ணாடியை உள்ளங்கையால் அடித்தாள். அந்த அறைக்குள் வெளிச் சத்தம் போகாது.

"அராலி" என்றான் அவன், மைக்கில்.

வெளியே சன்னல் இடுக்கில் ஆடிக்கொண்டிருந்த வெளிச்சம் அணைந்தது. பாய் சுருட்டுகிற சத்தம் கேட்டது. ருசோகே ஒன்றுமே நடக்காதது போலச் சீட்டுக்குத் திரும்பி, விட்ட இடத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தான். அதே கட்டைக் குரல். தடங்கல் இல்லை, தடுமாற்றம் இல்லை. மிச்சமிருந்த அத்தனை சீட்டையும், கடைசி ஊர், கடைசிப் பெயர்வரை வாசித்து முடித்தான். கஹுண்டே மேசை ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில், ஒரு தடவைகூட அவன் மூச்சு இழுக்கவில்லை.